வெள்ளுடை வேந்தரும் வெறும் வயிறும்!

ஆனிப் பௌர்ணமி வந்தால் காரைக்கால் வீதிகளிலே மாங்கனி மழை! மாடியிலே நிற்போர் வீசுவர். மண்ணிலே நிற்போர் ஏந்துவர். முந்தானையை விரித்து நிற்போர் ஒருபுறம், தோள் துண்டை விரித்து நிற்போர் மறுபுறம், இரண்டும் இல்லாத பள்ளிப் பிள்ளைகள் வெறுங்கையை உயர்த்தி நிற்பது இன்னொரு புறம். காரைக்கால் அம்மையாரின் கதையை ஆண்டுக்கொரு முறை ஊருக்கு நினைவூட்டும் மாங்கனித் திருவிழா அது.

நாம் புராணத்தைப் புராணம் என்றே சொல்லிப் பழகியவர்கள். தேர் இழுக்கப் போகிறவர்கள் அல்லர். ஆனால் ஒரு கதையை ஓர் ஊர் பல நூற்றாண்டு காலமாக நெஞ்சிலே சுமக்கிறது என்றால், அந்தக் கதையிலே ஊருக்குப் பிடித்தது எது என்று எண்ணிப் பார்க்க வேண்டுமல்லவா? பெரியபுராணத்துச் சேக்கிழார் சொல்லும் கதை இது: வணிகன் பரமதத்தன் இரண்டு மாங்கனிகளை வீட்டுக்கு அனுப்புகிறான். பசியோடு ஒருவர் வாசலில் வந்து நிற்கிறார். சோறு வெந்துவிட்டது, கறி இன்னும் ஆகவில்லை. இளம்பெண் புனிதவதி தயங்கவில்லை. சோற்றையும் இட்டு, மாங்கனி ஒன்றையும் வைக்கிறாள். பிறகு கணவன் வருகிறான். ஒரு கனியை உண்கிறான். இன்னொன்று எங்கே என்று கேட்கிறான்.

அதற்குப் பிறகு நடப்பது அற்புதம். அது நமக்கு வேண்டாம். அற்புதத்துக்கு முந்திய அந்தக் காட்சி போதும். ஒருத்தி பசியைப் பார்த்தாள். ஒருவன் கணக்கைக் கேட்டான். ஊர் யாரை நினைவில் வைத்துக்கொண்டது? கணக்குக் கேட்டவனுக்கு அல்லவே விழா! பசி பார்த்தவளுக்குத்தானே விழா!

இதே நாடகம், இதே இரண்டு பாத்திரங்களோடு, சென்னைப் பட்டினத்திலே 1920களில் நடந்தது. அங்கே பசித்து நின்றவர்கள் அடியார்கள் அல்லர், பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள். பசியைப் பார்த்தவர் நம் இயக்கத்தின் மூலவர்களில் ஒருவர். கணக்குக் கேட்டது அன்றைய சர்க்கார். அந்த மனிதரின் வாழ்க்கையைக் காரைத் தோழர்களின் முன்னே இன்று வைக்க விரும்புகிறோம். ஏன் இன்று என்பதைக் கடைசியில் சொல்லுவோம்.

அவர்தாம் சர் பிட்டி தியாகராயர்.

சென்னைக்குப் போகிறவர்கள் தி.நகர், தி.நகர் என்கிறார்கள். துணிக்கடை தெரிகிறது, நகைக்கடை தெரிகிறது, நெரிசல் தெரிகிறது. அந்த ஒற்றை எழுத்துக்குப் பின்னே நிற்கும் மனிதர் தெரிவதில்லை. தியாகராய நகர் என்று முழுப் பெயரைச் சொல்லிப் பாருங்கள். வெள்ளை வேட்டி, வெள்ளை அங்கி, வெள்ளைத் தலைப்பாகையோடு ஒரு பெரியவர் எழுந்து நிற்பார்.

1852ஆம் ஆண்டு பிறந்தார் தியாகராயர். தேவாங்கர் குலம், நெசவுத் தொழில். ஊடும் பாவும் பார்த்து வளர்ந்த கண்கள் அவருடையவை. வீட்டிலே செல்வம் இருந்தது. ஆனால் செல்வர் வீட்டுப் பிள்ளை என்பதற்காகத் திண்ணையிலே சாய்ந்து கிடக்கவில்லை. சென்னை மாநிலக் கல்லூரியிலே படித்துப் பட்டம் பெற்றார். பட்டம் பெற்றவர்கள் உத்தியோகத்துக்கு மனுப் போட்டுக்கொண்டிருந்த நாளில், அவர் தறிக்குத் திரும்பினார். வடசென்னை வண்ணாரப்பேட்டையிலே நெசவுச் சாலை நடத்தினார். தோல், உப்பு என்று வேறு வணிகங்களும் இருந்தன. எனினும், தறியின் ஓசை கேட்கும் இடத்திலேயே அவர் வாழ்ந்தார். உழைப்பவன் வீட்டு அடுப்பு எப்போது எரியும், எப்போது எரியாது என்பதை அறிய அவர் புத்தகம் புரட்ட வேண்டியிருக்கவில்லை.

அந்த வெள்ளுடை அவருடைய அடையாளம் மட்டுமல்ல, அவருடைய கொள்கையும்கூட. வேல்ஸ் இளவரசர் 1922இல் சென்னைக்கு வந்தபோது, நகரத்தின் தலைவர் என்ற முறையிலே வரவேற்க வேண்டியவர் இவர். அரச குடும்பத்தை வரவேற்கச் செல்வோர் அதற்கென்று வகுத்த உடையிலேதான் போக வேண்டும் என்பது வெள்ளையர் வழக்கம். இவரோ வெள்ளுடையை மாற்ற இசையவில்லை; கவர்னரே விலக்கு அளிக்க வேண்டியதாயிற்று என்று சொல்லுவார்கள். வெள்ளுடை வேந்தர் என்று நாடு அவரை அழைத்தது.

நகரசபைக்குள் அவர் காலடி வைத்தது 1882ஆம் ஆண்டு. அன்று தொடங்கி ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள்! இரண்டு முறை உறுப்பினராக இருந்தாலே பெயர்ப் பலகையைப் பெரிதாக எழுதிக்கொள்ளும் காலத்திலே வாழும் நாம், இந்த நாற்பதை நிறுத்தி நிதானமாக எண்ணிப் பார்க்க வேண்டும். குடிநீர்க் குழாய், சாக்கடை, தெருவிளக்கு, தொற்றுநோய், பள்ளிக்கூடம் என்று மாநகரத்தின் அன்றாடத் துன்பங்களை அருகிருந்து பார்த்த நாற்பது ஆண்டுகள் அவை. ஆங்கில அதிகாரிகளே அமர்ந்து வந்த சென்னை நகரசபைத் தலைவர் நாற்காலியிலே, அதிகாரி அல்லாத முதல் தலைவராக அமர்ந்தவர் அவரே.

இறைப்பற்று மிக்கவர் அவர். அதை மறைத்துப் பேச நமக்கு அவசியமில்லை. மயிலைக் கபாலீசுவரர் கோயில் குடமுழுக்குக்குப் பத்தாயிரம் ரூபாய் அளித்தவரை, மேடையிலே உட்கார வைக்க மறுத்தார்கள் என்பது இயக்க மேடைகளில் தலைமுறை தலைமுறையாகச் சொல்லப்பட்டு வரும் செய்தி. பணம் உயர்ந்தது, கொடுத்தவன் தாழ்ந்தவன்! அள்ளிக் கொடுத்த செல்வருக்கே அந்த நிலை என்றால், அன்றாடங்காய்ச்சியின் பிள்ளைக்கு எந்த நிலை?

1916ஆம் ஆண்டு வந்தது. டாக்டர் டி.எம். நாயர், டாக்டர் சி. நடேசனார், தியாகராயர் ஆகிய மூவரும் ஒரே பந்தலின் கீழ் வந்தார்கள். நாயரும் தியாகராயரும் நகரசபையிலே அதற்கு முன் ஒருவரோடொருவர் மோதியவர்கள். அவர்களை ஒன்றாக உட்கார வைத்த பெருமை நடேசனாருக்கு உண்டு. அந்த ஆண்டு நவம்பர் 20ஆம் நாள் தென்னிந்திய நல உரிமைச் சங்கம் பிறந்தது. டிசம்பரிலே பார்ப்பனரல்லாதார் கொள்கை அறிக்கை வெளிவந்தது. 1917இலே ஜஸ்டிஸ் என்ற ஆங்கில நாளேடு தொடங்கியது. அந்த ஏட்டின் பெயரே கட்சியின் பெயராகி, நீதிக்கட்சி என்று நாடு அழைத்தது.

இங்கே ஒரு சிறு செய்தியைத் தோழர்கள் கவனிக்க வேண்டும். கட்சி பிறக்கும் முன்பே நடேசனார் திருவல்லிக்கேணியிலே திராவிடர் இல்லம் என்ற மாணவர் விடுதியை நடத்தினார். வெளியூரிலிருந்து சென்னைக்குப் படிக்க வந்த பார்ப்பனரல்லாத மாணவனுக்குப் படுக்க இடமும் உண்ணச் சோறும் கிடைப்பது அரிதாக இருந்த காலம் அது. கல்லூரியிலே இடம் கிடைத்தாலும், சாப்பாட்டு விடுதியிலே இலை கிடைக்காது! ஆகவே நம் இயக்கத்தின் வேரைத் தோண்டிப் பார்த்தால், அதன் அடியிலே மேடையும் ஒலிபெருக்கியும் இல்லை. மாணவனுக்கு இட்ட ஒரு இலைச் சோறு இருக்கிறது.

1920இல் மாண்டேகு செம்ஸ்போர்டு சீர்திருத்தத்தின்படி தேர்தல் வந்தது. நீதிக்கட்சி வென்றது. கவர்னர் வெலிங்டன் பிரபு, மந்திரிசபை அமைக்கத் தியாகராயரை அழைத்தார். முதன் மந்திரி நாற்காலி! அதை அவர் ஏற்கவில்லை. கடலூர் சுப்பராயலு ரெட்டியாரைப் பதவியில் அமர வைத்தார். தாம் கட்சியையும் நகரசபையையும் கவனித்தார். பதவி தேடி வந்தும் விலகி நின்றார் என்று அவரை நாம் புகழ்வது வழக்கம். புகழலாம், தகும். ஆனால், விலகி நின்றவர் எதைச் செய்தார் என்பதைப் பார்த்தால்தான் அந்த மறுப்பின் பொருள் விளங்கும். கோட்டையிலே அமராதவர், ஆயிரம் விளக்குப் பகுதியிலே இருந்த ஒரு நகரசபைப் பள்ளிக்கூடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்!

அந்தப் பள்ளியிலே படித்தவர்கள் ஏழைப் பிள்ளைகள். வருகைப் பதிவேட்டிலே பெயர் இருக்கும். பெஞ்சியிலே பிள்ளை இருக்க மாட்டான். வாத்தியார் இருந்தார், கரும்பலகை இருந்தது, சுண்ணாம்புக்கட்டி இருந்தது. பிள்ளை மட்டும் ஏன் இல்லை? சோம்பேறி என்றார்கள் சிலர். படிப்பு அவர்கள் குலத்துக்கே வராது என்றார்கள் இன்னும் சிலர். தியாகராயர் வேறு காரணத்தைக் கண்டார். பிள்ளைகள் வறியவர்கள், வறுமைதான் பள்ளியின் எண்ணிக்கையைக் குறைக்கிறது, வயிற்றுக்கு வழி செய்தால் வருகை தானே உயரும் என்பது அவர் நகரசபையிலே எடுத்து வைத்த வாதம்.

அதே 1920ஆம் ஆண்டு நகரசபை முடிவெடுத்தது. ஆயிரம் விளக்குப் பள்ளி மாணவர்களுக்குச் சிற்றுண்டி. தலைக்கு நாளொன்றுக்கு ஓரணாவுக்கு மேற்படாமல் செலவு. ஓரணா! பதினாறு அணா சேர்ந்தால் ஒரு ரூபாய். ஆகவே, ஒரு ரூபாயைப் போட்டால் பதினாறு பிள்ளைகளின் வயிறு நிறையும். ஏழைப் பிள்ளையின் மூளைக்கும் ஏட்டுக்கும் இடையே நின்ற சுவரை இடிக்க அந்த மனிதர் எடுத்த கடப்பாரையின் விலை ஓரணா!

அதை அவர் தருமச் சத்திரம்போல நடத்தவில்லை. செல்வர் அவர், நினைத்திருந்தால் தம் சொந்தக் காசிலே ஒரு பந்தல் போட்டு, பிள்ளைகளை வரிசையிலே நிறுத்தி, வாழ்த்துப் பாட வைத்துச் சோறு போட்டிருக்கலாம். அப்படிச் செய்திருந்தால் அவர் வள்ளலாகியிருப்பார், பிள்ளைகள் பிச்சைக்காரர்களாகியிருப்பார்கள். அவரோ நகரசபையின் தீர்மானத்திலே எழுதினார். நகரசபையின் வரவு செலவிலே சேர்த்தார். நகரசபையின் சுகாதார அதிகாரி மேற்பார்வையிலே நடத்தினார். பள்ளியிலே கரும்பலகை எப்படிப் பள்ளியின் உடைமையோ, அப்படியே உணவும் பள்ளியின் உடைமை என்றாக்கினார். கருணை என்பது கொடுப்பவன் மனம் மாறினால் நின்றுவிடும். தீர்மானம் என்பதோ, அவன் போன பிறகும் நிற்கும். தறிக்காரர் அல்லவா! ஒரு முழம் துணி கொடுப்பதைவிட ஒரு தறி வைத்துக் கொடுப்பது மேல் என்பது அவருக்குத் தெரியும்.

விளைவு என்ன? திட்டம் மேலும் நான்கு பள்ளிகளுக்குப் பரவியது. அந்த ஐந்து பள்ளிகளிலும் சேர்ந்து 1922-23இல் 811 மாணவர்கள். 1924-25இலே 1,671 மாணவர்கள்! இரண்டே ஆண்டுகளில் இரட்டிப்புக்கும் மேல்! குலத்துக்கே படிப்பு வராது என்று சொன்னவர்கள் அந்த எண்ணைப் பார்த்து வாயடைத்திருக்க வேண்டும். படிப்பு வராமல் இல்லை. சோறு வராமல் இருந்தது. சோறு வந்தது, படிப்பும் வந்தது!

அவரிடம் குறையே இல்லை என்று நாம் கோயில் கட்ட முன்வரவில்லை. 1921இலே பக்கிங்காம், கர்நாடிக் ஆலைகளில் பெரும் வேலைநிறுத்தம் மூண்டது. தொழிலாளர் அணியிலே சாதி புகுந்தது. புளியந்தோப்பிலே கலவரம் வெடித்தது. அந்த நேரத்தில் தியாகராயர் தலைமையேற்ற கட்சி ஆதித்திராவிடத் தோழர்களின் நம்பிக்கையைக் காக்கத் தவறியது. எம்.சி. ராஜா 1923இலே கட்சியை விட்டு விலகினார். ஆலைத் தொழிலாளியாகிய நீங்கள் படிக்கும் ஏட்டிலே அதை மறைத்தால், நாம் எழுதுவது வரலாறு ஆகாது. நெய்தவர் பெரியவர்தாம், அவர் நெய்த துணியிலும் இழை விட்டுப் போன இடம் உண்டு. பின்னால் வந்தவர்கள் பிடித்துச் சேர்க்க வேண்டிய இழை அது.

இனி, கணக்குக் கேட்டவரின் கதைக்கு வருவோம்.

பிள்ளைகள் சாப்பிட்டார்கள், படித்தார்கள். கோட்டையிலே ஒரு கோப்பு நகர்ந்தது. இந்தச் சிற்றுண்டிச் செலவு எந்தத் தலைப்பின் கீழ் வருகிறது? ஆரம்பக் கல்வி நிதியிலிருந்தா? ஆரம்பக் கல்வி நிதி என்பது கல்விக்காக அல்லவா? சோறு எப்படிக் கல்வி ஆகும்? விதியிலே இடமில்லை! முடிந்தது. 1925 ஏப்ரல் முதல் நாளோடு சிற்றுண்டி நின்றது.

அன்று நம்மவர்களும் மந்திரிகளாக இருந்தார்களே என்று கேட்பீர்கள். இருந்தார்கள். ஆனால் அது இரட்டையாட்சி. கல்வி இலாகா மந்திரியின் கையிலே. கஜானாச் சாவி கவர்னரின் நிருவாகக் குழுவின் கையிலே. அடுப்பு ஒருவனிடம், அரிசி இன்னொருவனிடம் இருந்தால் உலை எப்படிக் கொதிக்கும்?

பரமதத்தன் கேட்டது இன்னொரு மாங்கனி எங்கே என்று. சர்க்கார் கேட்டது அந்த ஓரணா எங்கே என்று. 1,671 பிள்ளைகளைக் காட்டினால் போதாதாம். விதியைக் காட்ட வேண்டுமாம்!

அதே 1925ஆம் ஆண்டிலே தியாகராயர் மறைந்தார். எழுபத்துமூன்று ஆண்டு வாழ்க்கை. தொடங்கி வைத்த அடுப்பு அணைந்த ஆண்டிலேயே, தொடங்கியவரும் கண்ணை மூடினார். ஆனால், தீர்மானம் போட்டு வைத்த விதை மண்ணுக்குள்ளே இருந்தது. திட்டம் வேண்டும், வேண்டும் என்று குரல் எழுந்தது. இரண்டாண்டுகளுக்குப் பிறகு, 25 பள்ளிகளிலே 1,000 ஏழை மாணவர்களுக்கு மீண்டும் உணவு அளிப்பதென்று முடிவாயிற்று. ஐந்து பள்ளி நின்றது. இருபத்தைந்து பள்ளி முளைத்தது!

பிறகு நடந்தது நாடறிந்த கதை. நம்முடைய காரையும் புதுவையும் அன்று பிரெஞ்சுக் கொடியின் கீழே இருந்தன. இங்கே 1930ஆம் ஆண்டிலேயே பிரெஞ்சு நிருவாகம் பள்ளி மதிய உணவைத் தொடங்கியது. எல்லைக்கு அப்பால் தமிழகத்திலே 1956இல் காமராசர் மதிய உணவை ஊரூராகக் கொண்டு போனார். 1982இல் எம்.ஜி.ஆர். அதைச் சத்துணவாக விரித்தார்; 1984இல் அது பத்தாம் வகுப்பு மாணவர் வரை எட்டியது. 1989இல் கலைஞர் அந்தச் சோற்றின் மேல் முட்டையை வைத்தார். 2022 செப்டம்பர் 15, அண்ணா பிறந்தநாளில், மதுரையிலே மு.க. ஸ்டாலின் முதலமைச்சராகக் காலை உணவைத் தொடங்கி வைத்தார். 2023 ஆகஸ்டிலே நமக்குப் பக்கத்து நாகை மாவட்டத்துத் திருக்குவளையிலே, கலைஞர் படித்த மண்ணிலே, அது தமிழகத்தின் அரசுத் தொடக்கப் பள்ளிகள் அனைத்துக்கும் விரிந்தது. புதுவை மாநிலத்துப் பள்ளிகளிலும் 2002 முதல் காலையிலே சூடான பால் வழங்கும் திட்டம் வந்தது. கட்சிகள் வேறு, காலங்கள் வேறு. ஆனால் எல்லாரும் இழுத்த தேரின் வடம் ஓரணா நூலிலே திரித்தது!

அப்படியானால் கதை மங்களமாக முடிந்துவிட்டதா? இல்லை. அதனால்தான் இன்று எழுதுகிறோம்.

நாம் கடைமடைக்காரர்கள். காவிரியின் கதை நமக்குப் பிறர் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. மேட்டூர் திறந்துவிட்டது என்று செய்தி வரும். மேல்மடையிலே நாற்று நட்டுவிட்டார்கள் என்று தகவல் வரும். திருநள்ளாற்று வயலும் நெடுங்காட்டு வயலும் வானத்தைப் பார்த்து நிற்கும். தண்ணீர் திறந்தது பொய்யல்ல. கடைமடைக்கு வரவில்லை என்பதும் பொய்யல்ல. பள்ளி உணவுக்கும் ஒரு கடைமடை உண்டு. ஐந்தாம் வகுப்பு மேல்மடை. எட்டாம் வகுப்பு நடுமடை. ஒன்பது, பத்து, பதினொன்று, பன்னிரண்டு கடைமடை!

மத்திய சர்க்காரின் பள்ளி உணவு நிதி எட்டாம் வகுப்போடு நின்றுவிடுகிறது. அதற்கு மேல் படிக்கிறவனுக்குச் சோறு போட வேண்டுமானால் மாநிலங்கள் தங்கள் பெட்டியைத்தான் திறக்க வேண்டும். தமிழ்நாட்டிலே பத்தாம் வகுப்பு வரை அப்படித்தான் நடக்கிறது. அப்படியென்றால் எட்டாம் வகுப்பிலே பசித்த பிள்ளைக்கு ஒன்பதாம் வகுப்பிலே பசி போய்விடுமா? முழுப்பரீட்சையிலே தேறினால் வயிறும் தேறிவிடுமா?

உண்மை நேர்மாறானது. பிள்ளைப் பருவத்திலே உடல் வேகமாக வளரும் காலம் இரண்டு. ஒன்று கைக்குழந்தைக் காலம். மற்றொன்று மீசை அரும்பும், பெண் பூப்படையும் காலம். வளர்ந்த மனிதனின் எடையிலே ஏறக்குறைய பாதி இந்த இரண்டாம் காலத்திலேதான் சேர்கிறது. உயரத்திலே ஐந்தில் ஒரு பங்கு வரை இப்போதுதான் ஏறுகிறது. எலும்பு முற்றுவதும், இரத்தம் பெருகுவதும் இப்போதுதான். பெண் பிள்ளைக்கோ மாதந்தோறும் இரத்தம் போகிறது. போனதை ஈடுகட்ட இரும்புச்சத்து வேண்டும். பயிர் கதிர் பிடிக்கும் நேரத்திலே வாய்க்காலை அடைப்பவனை உழவன் என்ன சொல்லுவான்?

அடைத்ததன் பலனைப் பாருங்கள். 2019-21இலே எடுத்த தேசியக் குடும்பநல ஆய்வு சொல்கிறது: இந்தியாவிலே 15 முதல் 19 வயதுப் பெண்களில் 100க்கு 59 பேருக்கு இரத்தசோகை. அதே வயதுப் பையன்களில் 100க்கு 31 பேருக்கு. 2016-18இலே எடுத்த மற்றோர் ஆய்வின்படி, 10 முதல் 19 வயதுப் பிள்ளைகளில் ஏறத்தாழ நால்வரில் ஒருவர் வயதுக்குத் தகுந்த பருமன் இல்லாத மெலிந்த உடம்பு. அவள் வகுப்பிலே தூங்கினால் அக்கறையில்லை என்கிறோம். அவன் மைதானத்திலே மூச்சு வாங்கினால் உடம்பு வணங்கவில்லை என்கிறோம். அன்று ஆயிரம் விளக்கிலே சோம்பேறி என்று சொன்னார்களே, அந்தப் பழைய பாட்டுக்குப் புதிய மெட்டு!

மாத்திரை கொடுக்கிறோமே என்பார்கள். கொடுக்கிறார்கள், நல்லதுதான். வாரத்துக்கு ஒன்று இரும்புச்சத்து மாத்திரை, பள்ளியிலேயே கிடைக்கிறது. ஆனால், அதைச் சாப்பிட்ட பிறகு விழுங்க வேண்டும் என்பதுதான் முறை. வெறும் வயிற்றிலே விழுங்கினால் குமட்டும், வயிறு புரட்டும். காலையிலே ஒரு தம்ளர் தேநீரோடு பட்டினச்சேரியிலிருந்தும் கிளிஞ்சல்மேட்டிலிருந்தும் புறப்பட்டு வருகிற மீனவர் மகள் அதை எப்போது விழுங்குவாள்? அந்தத் தேநீரும், உணவிலே உள்ள இரும்புச்சத்து உடம்பிலே சேரவொட்டாமல் தடுக்கும் பொருள். மாத்திரைக்கு முன்னால் சோறு வேண்டும். சோற்றோடு பருப்பும் கீரையும் முட்டையும் வேண்டும். மருந்து உணவுக்குத் துணை; உணவின் இடத்திலே உட்கார முடியாது.

முடியுமா, இவ்வளவு பேருக்கும் போட முடியுமா என்று கேட்பார்கள். உலகத்தைப் பார்க்கட்டும். பிரேசில் நாடு செல்வச் செழிப்பிலே மிதக்கும் நாடல்ல. நம்மைப் போலவே ஏழைகளை ஏராளமாகக் கொண்ட நாடு. 2009ஆம் ஆண்டு அங்கே சட்டம் செய்தார்கள்: மழலையர் வகுப்பிலிருந்து மேல்நிலை வகுப்பு வரை, பொதுப் பள்ளியிலே படிக்கும் எல்லாருக்கும் உணவு உரிமை. அதற்கான மத்திய நிதியிலே 100க்கு 30 பங்காவது உள்ளூர்ச் சிறு உழவரிடம் கொள்முதல் செய்ய வேண்டும் என்றும் எழுதினார்கள். பிள்ளைக்கு உணவு, உழவனுக்குச் சந்தை! நெல் விளையும், மீன் குவியும் இந்தக் காரை மண்ணிலே அதைச் செய்ய எது தடை?

தடை பழைய தடைதான், சாவி! 1954 நவம்பர் முதல் நாள் பிரெஞ்சுக்காரரின் ஆட்சி இங்கே முடிந்தது. 1962 ஆகஸ்டிலே சட்டப்படி இந்தியாவோடு இணைந்தோம். சட்டமன்றம் வந்தது, மந்திரிசபை வந்தது. மாநிலத் தகுதி மட்டும் தராமல் ஒன்றியத்துப் பகுதி என்று நிறுத்தி வைத்தார்கள். நிதிக்குழுப் பங்கீட்டிலே மாநிலங்களுக்குள்ள இடம் இல்லாமல் தவித்து வந்த பகுதி புதுவை. 2015 முதல் பல ஆண்டுகள், ஏழைக்கு அரிசி வேண்டாம், வங்கியிலே பணம் போடுகிறோம் என்றார்கள். நியாயவிலைக் கடைகள் மூடிக் கிடந்தன. 2024இலேதான் மீண்டும் கதவு திறந்தது. வங்கியிலே விழுந்த பணம் கடனுக்குப் போனதா, மருந்துக்குப் போனதா, உலைக்குப் போனதா என்று வீட்டுக்கு வீடு கேட்டுப் பாருங்கள். அரிசியாக வந்திருந்தால் அது பானைக்கு மட்டுமே போயிருக்கும். அன்று இரட்டையாட்சி, இன்றும் அடுப்பு ஓரிடம், அரிசி ஓரிடம்!

ஆகவே தோழர்களே, தியாகராயரின் பிறந்தநாளுக்கு மாலை போடுவதோடு நம் வேலை முடியாது. அவர் நாற்பதாண்டு செய்த வேலையை நாம் நாற்பது நாளாவது செய்ய வேண்டும். கிளைக்கழகத் தோழர்கள் இருவர் இருவராக அந்தந்த ஊர் உயர்நிலைப் பள்ளிக்கும் மேல்நிலைப் பள்ளிக்கும் செல்லட்டும். சண்டை போட அல்ல, கேட்டறிய. காலையிலே சாப்பிடாமல் வருவோர் எத்தனை பேர்? மதிய உணவு எந்த வகுப்போடு நிற்கிறது? வாரத்திலே எத்தனை நாள் முட்டை? இரும்புச்சத்து மாத்திரை உணவுக்குப் பின் தரப்படுகிறதா? இந்த நான்கு கேள்விக்கும் விடையை எழுதி வாங்கட்டும். பெற்றோர் கூட்டத்திலே அதைப் படிக்கட்டும். நம் சட்டமன்ற உறுப்பினர் எந்தக் கட்சிக்காரராக இருந்தாலும் அவர் கையிலே கொடுக்கட்டும். பன்னிரண்டாம் வகுப்பு வரை பள்ளியிலே உணவு என்பதைத் தீர்மானமாக்கு, சலுகையாக்காதே என்பதே நம் முழக்கமாக இருக்கட்டும்.

வீட்டிலும் ஒரு வேலை இருக்கிறது. ஆண்பிள்ளை வேலைக்குப் போகிறவன் என்று மீனை அவன் தட்டிலே வைத்து, குழம்பை மகள் தட்டிலே ஊற்றும் பழக்கம் நம் தோழர்கள் வீட்டிலும் இல்லையா? நெஞ்சிலே கைவைத்துச் சொல்லுங்கள்! மேடையிலே பெண்ணுரிமை பேசிவிட்டு, அடுப்பங்கரையிலே மகளை மறந்தால் அந்த உரிமைக்கு இரத்தம் ஏது?

அடுத்த ஆனியிலும் காரைக்கால் வீதியிலே மாங்கனி பறக்கும். மாடியைப் பார்த்துக் கைநீட்டி நிற்கும் பள்ளிப் பிள்ளைகளை ஒரு கணம் உற்றுப் பாருங்கள். அந்தக் கைகளின் மணிக்கட்டு எவ்வளவு மெலிந்திருக்கிறது என்று பாருங்கள். ஆண்டுக்கொரு நாள் மேலேயிருந்து விழும் கனியை நம்பி ஒரு தலைமுறை வளர முடியாது. நாள்தோறும், வரிசையிலே, தலை நிமிர்ந்து, உரிமையோடு பெறும் உணவு வேண்டும். அதை ஓரணாவிலே தொடங்கிக் காட்டினார் வெள்ளுடை வேந்தர். நிறுத்தியது கணக்கு, மீட்டது மக்களின் குரல். கடைமடைக்குத் தண்ணீர் வரும் வரை கரையிலே நின்று பழகியவர்கள் நாம். கடைசி வகுப்புப் பிள்ளைக்குச் சோறு வரும் வரையிலும் நிற்போம்!